ஈ.சி.ஜி. நார்மல், எக்கோ நார்மல், டி.எம்.டி. நார்மல். அப்புறம் ஏன் இந்தப் படபடப்பு?

இரவுப்பணி (இழை தொடங்கியவர்)

வணக்கம். சோழிங்கநல்லூர் பக்கம் ஐ.டி. வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். வயது 31. சிகரெட் கிடையாது, சுகர், பிரஷர் எதுவும் கிடையாது.

சில மாதமாக ஒரு தொல்லை. பைக் ஓட்டும்போதோ லிஃப்டில் நிற்கும்போதோ, சில நாள் சும்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பிக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. மூச்சு உள்ளே போகாத மாதிரி இருக்கிறது. "இன்னைக்கு முடிஞ்சுது கதை" என்று தோன்றிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், ஆனால் அன்று முழுக்க அடித்துப் போட்டாற்போல் கிடப்பேன்.

ராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓடியிருக்கிறேன். தலைப்பில் சொன்ன டெஸ்ட் எல்லாம், ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கும் டி.எம்.டி. உட்பட, எடுத்தாயிற்று. இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனினும் ரத்தத்தில் பார்த்தாயிற்று. "ஹார்ட் நல்லா இருக்கு, கேஸ் பிராப்ளம்தான், டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி, வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரையும், படபடப்பு வந்தால் போட்டுக்கொள்ள அல்பிரசோலம் 0.25 ஒரு அட்டையும் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த அட்டை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. மேம்பாலத்தில் ஏறுவதில்லை, கீழே சர்வீஸ் ரோட்டில் சுற்றிப் போகிறேன். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரும் பையிலேயே இருக்கிறது.

இரண்டு கேள்வி. உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் இது எங்கிருந்து வருகிறது? மனநல டாக்டரைப் பார் என்கிறான் நண்பன். அந்த மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

சுக்குக்காபி

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் கதையை யாரோ எழுதிவிட்டார்களோ என்று நினைத்தேன். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு ஆரம்பித்தது. என் விஷயத்தில் கூடுதலாக ஒன்று: வாயைச் சுற்றி மரத்துப்போகும், கை விரல்கள் தானாக உள்பக்கம் மடங்கி இழுத்துக்கொள்ளும். பக்கவாதம் என்றே முடிவு கட்டிவிட்டோம். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார், குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்காரர் எங்கோ கேள்விப்பட்டு ஒரு பேப்பர் கவரைக் கொடுத்து அதற்குள் மூச்சு விடச் சொன்னார்.

ஸ்கேன் எடுத்ததில் மூளையில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஏன் கை அப்படி மடங்கியது என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் விளக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

வைகைக்கரை

அரசு மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவில் டாக்டராக வேலை பார்க்கிறேன். எழுத்தைப் படித்து யாருக்கும் நோய் இன்னதென்று சொல்ல முடியாது. இரவுப்பணி சொல்வது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து போகும் கடும் பீதி, போல ஒலிக்கிறது, நேரில் ஒருவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.

"உடம்பில் ஒன்றும் இல்லை" என்பதே தவறான பேச்சு. உடம்பில் நிறையவே நடக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு நரம்பு வழியாகச் செய்தி போகிறது, அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது, வியர்வை பெருகுகிறது, வயிறு வேலையை நிறுத்துகிறது. சண்டை போடவோ தப்பித்து ஓடவோ உடம்பு தயாராவது இது. ஹார்வர்டில் இருந்த வால்டர் கேனன் 1915 வாக்கில் இதை விவரித்தார். அவர் முதலில் ஆராய்ந்தது பயத்தை அல்ல, செரிமானத்தை. பூனைகளுக்கு உணவு கொடுத்து எக்ஸ்ரேயில் வயிற்று அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பூனை மிரளும் நேரத்தில் எல்லாம் வயிறு அசையாமல் நின்றுவிடுவதைக் கவனித்தார். படபடப்பு வரும் நாளில் வயிறு உப்பி ஏப்பமாக வருவதற்கு இது ஒரு காரணம். டாக்டர் "கேஸ்" என்று சொன்னாரே, அவர் பார்த்தது நிஜம்தான், ஆனால் அது கதையின் வால் பகுதி.

சுக்குக்காபி அம்மா கேட்ட கை மடங்கும் விஷயம்: பயத்தில் நாம் வேக வேகமாக, மேலோட்டமாக மூச்சு வாங்குகிறோம். தேவைக்கு மேல் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் மிதக்கும் அயனி நிலைக் கால்சியம் குறைகிறது. நரம்புகள் தூண்டல் இல்லாமலேயே துடிக்கின்றன. உதடு மரப்பு, விரல் நுனியில் ஊசி குத்தல், கடைசியில் விரல்கள் மடங்கிக்கொள்வது எல்லாம் இதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் கொஞ்சம் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது, சுற்றிலும் இருப்பதெல்லாம் நிஜமில்லாதது போலத் தெரிகிறது. இத்தனைக்கும் ஆக்சிஜன் குறைவதே இல்லை. ஆக்சிமீட்டர் 98, 99 என்றுதான் காட்டியிருக்கும், இல்லையா?

பேப்பர் கவர் வேண்டாம். பழைய காலத்து யோசனை. வந்திருப்பது உண்மையிலேயே ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் கவருக்குள் மூச்சு விடுவது ஆபத்து.

அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாக இறங்கும். அட்ரினலினை உடம்பு அழித்துவிடும். மயக்கம் போட்டு விழுந்துவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று விழ வேண்டும், பேனிக்கில் அது ஏறுகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு: ரத்தத்தையும் ஊசியையும் கண்டால் பயம் உள்ளவர்கள். அவர்களுக்கு அழுத்தம் முதலில் ஏறிப் பிறகு விழும், சிலர் உண்மையிலேயே மயங்குவார்கள். அவர்களுக்குக் கை கால் தசைகளை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் பயிற்சியைத் தனியாகச் சொல்லிக் கொடுப்போம்.

இரவுப்பணி

சார், 98, 99-தான் காட்டும். அப்படியும் இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பேன், வேறு விரலில் வைத்துப் பார்ப்பேன். புரிகிறது. ஆனால் ஆபத்தே இல்லாத இடத்தில், டிவி பார்க்கும்போது, அந்த அட்ரினலின் எதற்கு வர வேண்டும்?

வைகைக்கரை

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இங்கே இருட்டு உங்கள் உடம்புக்குள் இருக்கிறது. தூக்கம் கெட்ட ஒரு நாள், ஷிப்டில் குடித்த மூன்றாவது காபி, படியேறிய மூச்சிரைப்பு, ஏதோ ஒன்றால் இதயத் துடிப்பு கொஞ்சம் கூடுகிறது. எல்லோருக்கும் தினமும் கூடுவதுதான். நீங்கள் அதைக் கவனித்து "ஹார்ட் அட்டாக்கா?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியே பயம், பயத்துக்கு அட்ரினலின், அதனால் துடிப்பு இன்னும் வேகம், "பார்த்தியா, நான் சொன்னேன்ல." உடம்பின் சாதாரணச் சலனத்தைப் பேரழிவாகப் படிப்பதே பேனிக்கின் அச்சாணி என்று ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டேவிட் கிளார்க் 1986-இல் எழுதினார். இன்றைய உளவியல் சிகிச்சை பெரும்பாலும் அந்தச் சுழலை வெட்டுவதுதான்.

இது இந்தக் காலத்து ஐ.டி. நோய் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் நெஞ்சு வலி, படபடப்பு என்று வந்து படுத்தார்கள். இதயத்தில் பழுது எதுவும் தென்படவில்லை. ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் அவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தால் நம் கேஷுவாலிட்டியில் ராத்திரி 2 மணிக்கு வருபவர்களின் குறிப்பு மாதிரியே இருக்கும். பேனிக் டிஸார்டர் என்ற தனிப்பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது.

ஆனால் ஒன்று. "எல்லாம் மனசுதான்" என்று முதல் நாளே சொல்லிவிடுவதும் ஆபத்து. தைராய்டு அதிகம் சுரந்தால் இதே படபடப்பு, இதே நடுக்கம், வியர்வை, எடைக் குறைவு. அதைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்த டெஸ்ட் பார்த்தீர்களா? ரத்தசோகையிலும் துடிப்பு கூடும். இதயத்தின் மின்னோட்டத்தில் குறுக்குப் பாதை இருப்பவர்களுக்குத் திடீரென்று துடிப்பு 180-க்கு மேல்கூட ஏறி, ஸ்விட்ச் போட்டு அணைத்தாற்போல் நின்றுவிடும். அட்டாக் நடக்காத நேரத்தில் எடுக்கும் ஈ.சி.ஜி. பெரும்பாலும் நார்மலாக இருக்கும். அப்படிச் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கிறதா என்று கவனியுங்கள், சந்தேகம் இருந்தால் இதயத் துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதியும் ஹோல்டர் கருவி உண்டு. அந்தக் கோளாறை வருடக்கணக்கில் பேனிக் என்று சொல்லி வைத்திருந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அதே போல 50 வயதில் சுகரோடு ஒருவருக்கு முதல் முறையாக நெஞ்சு இறுக்கினால், இந்த இழையைப் படித்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரிசல்மண்

இவ்வளவு விளக்கம் எதற்கு? மூச்சுதான் பிரச்சினை என்று டாக்டரே சொல்லிவிட்டார். நாடிசுத்தி பிராணாயாமம் காலை மாலை செய்தால் போதும். நம் முன்னோர் கண்டுபிடித்ததை விட்டுவிட்டு வெளிநாட்டு மாத்திரைக்குப் போவானேன்? மருந்துக் கம்பெனிக்கு லாபம், வேறென்ன. என் சித்தப்பாவுக்கு இதே படபடப்பு, ஆறு மாதத்தில் சரியாயிற்று.

கொய்யாத்தோப்பு

கரிசல்மண் அண்ணா, உங்கள் சித்தப்பா நல்லபடியாக இருப்பது சந்தோஷம். எனக்கும் இந்தப் படபடப்பு வந்து சரியானதுதான், நானும் யோகா செய்கிறவள்தான், ஆனால் "அது போதும்" என்பதை ஏற்க மாட்டேன். இதை ஆளுக்கு ஆள் அனுபவம் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஓயாத கவலை நோய் உள்ள 226 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது, 2020-இல் வெளியானது. மூன்று குழு: யோகா, சி.பி.டி. எனும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, வெறும் மன அழுத்த வகுப்பு. தேறியவர்கள் யோகாவில் நூற்றுக்கு 54, சி.பி.டி.யில் 71, வகுப்பில் 33. அதாவது யோகா, அந்த வெறும் வகுப்பை விட மேல், ஆனால் சி.பி.டி.க்குச் சமமில்லை. எட்டு வார தியானப் பயிற்சியை எஸ்சிடலோபிராம் எனும் பதற்ற நோய் மாத்திரையோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்வு 2022-இல் வந்தது, 276 பேர். அதில் தியானம் மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. ஆக உங்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி வாராவாரம் ஆசிரியரோடு வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் என்று போகிற சமாச்சாரம். வாட்ஸப்பில் வரும் "தினம் 2 நிமிடம்" வகையறா அல்ல.

இன்னொன்று. கபாலபாதி மாதிரி வேக மூச்சை, பேனிக் உள்ளவர் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் செய்தால், டாக்டர் மேலே எழுதிய அத்தனை அறிகுறியும் அங்கேயே வரும்.

கரிசல்மண்

நாடிசுத்தி என்றேன், கபாலபாதி என்றா சொன்னேன்? ஆய்வு என்று வெளிநாட்டு எண்ணிக்கையைக் காட்டினால் ஆயிற்றா? சரி, நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு எதில் சரியானது?

கொய்யாத்தோப்பு

சொல்கிறேன். பள்ளி ஆசிரியை நான். பஸ்ஸில் வைத்து முதலில் வந்தது, அதனால் பஸ்ஸை விட்டேன். அப்புறம் பிரேயர் நேரத்தில் வந்தது, பிரேயருக்கு நிற்பதை விட்டேன். கடைசியில் கல்யாண மண்டபம், ரேஷன் கடை வரிசை, கோயில் பிராகாரம் என்று ஒவ்வொன்றாக என் ஊர் சுருங்கிப்போயிற்று. பார்ப்பவர்களுக்கு நான் "கொஞ்சம் ரிசர்வ்டு டைப்". அவ்வளவுதான்.

சைக்காலஜிஸ்ட் அம்மா முதலில் செய்த காரியம் எனக்கு அதிர்ச்சி. நிதானமாக மூச்சு விடச் சொல்லித் தருவார் என்று போனால், வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே மட்டும் மூச்சு விடச் சொன்னார். நின்ற இடத்தில் ஓடச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது, நெஞ்சு அடித்தது, எது வந்தால் செத்துவிடுவேன் என்று நினைத்தேனோ அது எல்லாம் அந்த அறையிலேயே வந்தது. "இப்ப என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கினார். எழுதியது எதுவும் நடக்கவில்லை. வேண்டுமென்றே வரவழைத்த படபடப்பு தானாக வந்த படபடப்பு மாதிரியே இருந்தது. திரும்பத் திரும்பச் செய்ததில் எனக்கு அலுத்தே போய்விட்டது. அலுப்பு வர வேண்டும் என்பதுதான் திட்டமாம்.

பிறகு படிப்படியாக வெளியே. நெரிசலில்லாத டவுன் பஸ்ஸில் ஒரு நிறுத்தம், அவரும் கூட வந்தார். அப்புறம் தனியாக. அப்புறம் நெரிசலில் நின்றுகொண்டு. பையில் இருந்த தண்ணீர் பாட்டில், மாத்திரை அட்டை, "ஏதாவது ஆச்சுன்னா" என்று வைத்திருந்த டாக்டர் நம்பர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பஸ்ஸை விட அந்த அட்டையை விடுவது கஷ்டம்.

நடுவில் அவரிடம் சண்டை போட்டேன். மூச்சுப் பயிற்சி செய்துகொண்டே பஸ்ஸில் போகிறேனே, என்ன கெட்டுப்போயிற்று என்று. "மூச்சுப் பயிற்சி செஞ்சதாலதான் பிழைச்சேன்னு உங்க மூளை கணக்கு எழுதிக்கும். பஸ் ஆபத்தில்லைன்னு அது எப்பக் கத்துக்கும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வைகைக்கரை

கொய்யாத்தோப்பு டீச்சர் சொன்னதற்கு மேல் சிகிச்சையைப் பற்றி நான் எழுத அதிகம் இல்லை. இரவுப்பணி, உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள். மேம்பாலத்தைத் தவிர்க்கிறீர்கள், அட்டை பையில், ஆக்சிமீட்டர் பையில். ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நிம்மதி தருகிறது, ஒவ்வொன்றும் "இது இல்லாவிட்டால் போயிருப்பேன்" என்ற நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்குகிறது. திரும்பத் திரும்ப எடுக்கும் ஈ.சி.ஜி.யும் இந்தப் பட்டியலில் சேரும். டாக்டர் தேவை என்று எடுக்கும் ஈ.சி.ஜி. மருத்துவம், தேவையில்லை என்ற பிறகும் நிம்மதிக்காக எடுப்பதெல்லாம் நோயின் பகுதி.

மூச்சுப் பயிற்சி விஷயத்தில் கரிசல்மண்ணை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். காலையில் எழுந்து நிதானமாக மூச்சுப் பழகுவது ஒட்டுமொத்தப் பதற்றத்தைக் குறைக்கும், பலருக்குத் தூக்கம் திரும்பும். பேனிக் வரும்போது அதைத் துரத்தும் ஆயுதமாக அதையே பயன்படுத்துவதில்தான் சிக்கல். பேனிக்குக்கான சி.பி.டி.யில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று 72 ஆய்வுகளைச் சேர்த்து 2018-இல் அலசினார்கள். உடம்பு உணர்ச்சிகளை வேண்டுமென்றே வரவழைத்து எதிர்கொள்ளும் பயிற்சி முன்னால் நின்றது. தசையைத் தளர்த்தும் பயிற்சி பின்தங்கியது. எங்கள் துறையிலேயே பலர் இன்னும் தளர்வுப் பயிற்சியை மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதற்கு நேரம் குறைவு என்பதைத் தவிர வேறு நியாயம் கிடையாது.

மருந்துக்கடை

பார்மசி வைத்திருப்பவன் சார். டாக்டர் எழுதுவார் என்று பார்த்தேன், அல்பிரசோலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் நானே.

அல்பிரசோலம், டயசிபாம் எல்லாம் எச்1 பட்டியல் மருந்து. 2014 மார்ச் 1 முதல் அந்த விதி அமலில் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எத்தனை மாத்திரை எல்லாம் தனி நோட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் கவுன்டருக்கு வந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டை நாலாக மடித்து நீட்டி, "எப்பவும் வாங்குறதுதான், ஒரு அட்டை கொடுப்பா" என்பார்கள். ரிட்டயர் ஆன வாத்தியார், பக்கத்துத் தெரு அக்கா, எல்லாம் தெரிந்த முகம். இல்லை என்று சொன்னால் கோபம். பாதி மாத்திரையில் ஆரம்பித்தவர்கள் ஒன்றரை, இரண்டு என்று போய், அது இல்லாமல் தூக்கமே கிடையாது என்கிற நிலையில் நிற்கிறார்கள். மாத்திரை என்றால் அடிமை ஆகிவிடுவோம் என்ற பயம் நம் ஊரில் இங்கிருந்துதான் வந்திருக்கிறது என்பது என் கணிப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயம் உள்ளவர்கள் மனநல டாக்டரிடம் போகாமல் இதையே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

வைகைக்கரை

அருமையாகச் சொன்னீர்கள். அப்பாவின் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

அல்பிரசோலம் வகை நிமிடக் கணக்கில் வேலை செய்யும். அதனால்தான் பிடித்துக்கொள்கிறது. தொடர்ந்து போட்டால் உடம்பு பழகி அளவு ஏறும், ஞாபகம் மந்தமாகும், வயதானவர்கள் இரவில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வார்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். நாள்கணக்கில் தினமும் போட்டு வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

நாங்கள் முதலில் எழுதுவது வேறு வகை: எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள். போட்டவுடன் ஒன்றும் நடக்காது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் படபடப்பு கூடவும் செய்யலாம், குமட்டலாம். இதைச் சொல்லாமல் சீட்டு எழுதினால் நோயாளி நாலாவது நாள் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போவார். அதனால் பாதி அளவில் தொடங்குவோம், எஸ்சிடலோபிராம் என்றால் பெரும்பாலும் 5 மில்லிகிராம். தாம்பத்திய ஆசை குறைவது இன்னொரு பக்க விளைவு, கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், மாற்று உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும்.

ஆயுசுக்கும் அல்ல. குணம் தெரிந்த பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு படிப்படியாக நிறுத்துவோம். சட்டென்று விட்டால் தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு, எரிச்சல் வரும். ஆனால் அளவைக் கூட்டிக் கேட்டு அலையும் ஏக்கம் இதில் கிடையாது. சிலருக்கு நிறுத்தியபின் நோய் திரும்புகிறது, அப்படித் திரும்பியவர்கள் நீண்ட காலம் போடுவதும் உண்டு. அதையும் மறைக்க மாட்டேன்.

மருந்தா, சி.பி.டி.யா என்றால் பேனிக்குக்கு இரண்டும் முதல் வரிசைதான். நல்ல சைக்காலஜிஸ்ட் கிடைத்தால் மருந்தில்லாமலே தொடங்கலாம். வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலை, கூடவே மனச்சோர்வு என்றால் மருந்தும் சேர்ந்தால் நல்லது.

ஈ_எம்_ஐ_வாழ்க்கை

நடுவில் நுழைகிறேன். எனக்கு இப்படித் திடீரென்று எதுவும் வராது. காலையில் கண் விழிக்கும்போதே ஆரம்பித்துவிடும். வீட்டு லோன், பையனின் நீட், அம்மாவின் சுகர், ஆபீஸ் ஆட்குறைப்பு, ஒன்று முடிந்தால் இன்னொன்று. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் "ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கவலை. கழுத்தும் தோளும் கல்லாட்டம் இருக்கும். தூக்கம் வர 2 மணி. இதுவும் நோயா, இல்லை நடுத்தர வர்க்கத்தில் பிறந்ததன் பலனா?

வைகைக்கரை

கவலைப்படக் காரணம் இருப்பது வேறு, கவலையை நிறுத்த முடியாமல் போவது வேறு. பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றி, ஆறு மாதத்துக்கு மேல், தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குக் கவலை ஓடினால் அதைப் பொதுவான பதற்ற நோய் என்கிறோம். ஜி.ஏ.டி.-7 என்று ஏழு கேள்விச் சிறு படிவம் 2006-இல் வந்தது, இணையத்தில் தமிழிலும் தேடினால் கிடைக்கும். மொத்த மதிப்பெண் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஒருவரைப் பார்ப்பது நல்லது. அதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம், டாக்டரிடம் பேச்சைத் தொடங்க உதவும்.

இங்கே அட்ரினலினை விடக் கார்டிசால் எனும் மெதுவான ஹார்மோனின் பங்கு பேசப்படுகிறது. சிகிச்சையில் ஒரு சிறிய உத்தி மட்டும் சொல்கிறேன்: மாலையில் அரை மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்குவது. பகலில் எது வந்தாலும் ஒரு வரி குறித்துவிட்டு, "ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டும். ஆறு மணிக்கு உட்கார்ந்து, இன்று செய்யக்கூடியது எது, என் கையில் இல்லாதது எது என்று பிரிக்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். செய்து பாருங்கள்.

ஈ_எம்_ஐ_வாழ்க்கை

ஆறு மணிக்கு நான் கிண்டி சிக்னலில் நிற்பேன் டாக்டர். பரவாயில்லை, அங்கேயே கவலைப்படுகிறேன்.

இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. ஒரு நடைமுறைச் சந்தேகம். தனியாரில் சைக்காலஜிஸ்ட் ஒரு சிட்டிங்குக்கு வாங்கும் பணத்தைக் கேட்டால் அதற்கே படபடப்பு வருகிறது. அப்புறம் கம்பெனி இன்சூரன்ஸில் போட்டால் எச்.ஆருக்குத் தெரிந்துவிடுமா?

கொய்யாத்தோப்பு

பெயர்ப் பலகையில் "கவுன்சிலர்" என்று போட்டிருப்பவர் எல்லோரும் சிகிச்சை தெரிந்தவர் அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். முதல் சந்திப்பிலேயே "பேனிக்குக்கு எக்ஸ்போஷர் செய்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள், எனக்குச் செய்தது போலப் பயத்தை நேரில் எதிர்கொள்ள வைக்கும் பயிற்சிக்கு அதுதான் பெயர். "பாசிட்டிவா இருங்க" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வைகைக்கரை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் வர வேண்டும். சென்னையில் இருப்பதால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் உங்களுக்குத் தூரமில்லை. 1794-இல் தொடங்கிய இடம், அந்தப் பெயரைக் கேட்டதும் சினிமா கிண்டல் நினைவுக்கு வரும். படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் நடந்து வந்து மருந்து வாங்கிப் போகிறவர்கள் அங்கே நிறைய. நேரில் போகுமுன் பேசிப் பார்க்க டெலி மனஸ் 14416 உண்டு, 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்று யாருக்காவது தோன்றினால் காத்திருக்காமல் அந்த எண்ணையே அழையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து அவசரப் பிரிவு.

2017 மனநலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அட்மிஷனுக்குத்தான் பணம் தரும், புறநோயாளிச் சிகிச்சைக்குத் தராது. ஆகவே உங்கள் விஷயத்தில் எச்.ஆர். வரைக்கும் போக வேண்டிய தேவையே வராது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமை அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது.

அப்புறம், டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

இரவுப்பணி

பார்க்கவில்லை சார். நாளைக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை ஓ.பி.க்கு நண்பனோடு போவதாக இருக்கிறேன். டீச்சர் மேடம் திட்டுவார்கள் என்று தெரியும், முதல் தரம் மட்டும் அவன் வரட்டும்.

கொய்யாத்தோப்பு

வரட்டும் வரட்டும். திரும்பும்போது மேம்பாலம் வழியாக வாருங்கள்.

சுக்குக்காபி

டாக்டர் சார், கடைசியாக ஒரு கேள்வி. என் பெண் கல்லூரியில் படிக்கிறாள். செமினார் என்றால் கை நடுங்குகிறது. சீனியர் ஒருத்தி புரோப்பிரனலால் என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து, மேடை ஏறுமுன் போட்டுக்கொள், நடுக்கமே இருக்காது என்றாளாம். இவளுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறாள். போடலாமா?

வைகைக்கரை

கூடாது. அந்த மாத்திரை அட்ரினலின் இதயத்திலும் தசையிலும் ஒட்டும் இடத்தை மறிக்கிறது, அதனால் துடிப்பும் நடுக்கமும் குறையும். பாட்டுக்காரர்கள், மேடைப் பேச்சாளர்கள் போடுவதும் உண்மை. ஆனால் அதே மறிப்பு மூச்சுக்குழாயிலும் நடக்கும். ஆஸ்துமா உள்ளவருக்குக் குழாய் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அந்த நேரத்தில் இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது. சீட்டில்லாமல் அடுத்தவர் கொடுக்கும் எந்த மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: செமினாருக்கு முன்னால் பயத்தில் இன்ஹேலரை இழுக்கிறாளா? அதில் சால்பியூட்டமால் இருந்தால் அதுவே கை நடுக்கமும் படபடப்பும் தரும். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. எப்போது இழுக்கிறாள், எப்போது நடுக்கம் வருகிறது என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டு, ஆஸ்துமா பார்க்கும் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.